பச்சைத் தீப்பந்தும் பதினாறு கேமராக்களும்

1992 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. இலையுதிர் காலத்தில் அங்கே வெள்ளிக்கிழமை மாலை என்றால் பள்ளிக்கூடங்களுக்கு இடையே கால்பந்துப் போட்டிதான். பேர்தான் கால்பந்து; பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம் அது. ஊர் மொத்தமும் மைதானத்தில் கூடிவிடும். பிள்ளைகள் ஆடுவதைப் படம் பிடிக்க அப்பா அம்மாக்கள் வீடியோ கேமராவோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

எட்டு மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. திடீரென்று வானத்தில் பச்சை நிறத்தில் ஒரு தீப்பந்து தோன்றியது. முழுநிலவைவிட அதிக வெளிச்சம். தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி அது ஓடியது. போகப் போக உடைந்து, பல துண்டுகளாகி, ஒவ்வொரு துண்டும் தனக்கென்று ஒரு வாலோடு பின்னால் ஓடியது. சுமார் 40 விநாடி நீடித்த காட்சி. ஆட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கேமராவை அப்படியே மேலே திருப்பினார்கள்.

கொஞ்ச நேரத்தில் நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் என்ற ஊரில், ஒரு வீட்டு வாசலில் பெரிய சத்தம். நிறுத்தியிருந்த சிவப்பு நிற செவ்ரோலே காரின் டிக்கி கிழிந்து கிடந்தது. காரைத் துளைத்துக்கொண்டு தரைவரை போயிருந்தது சுமார் 12 கிலோ எடையுள்ள ஒரு கல். விண்வெளியிலிருந்து வந்த கல்!

நல்லவேளை, காரில் யாரும் இல்லை. அந்தக் கல் எங்கிருந்து கிளம்பியது, எந்தப் பாதையில் வந்தது என்று விஞ்ஞானிகள் பின்னால் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். ஒரு நிமிடம்கூட நீடிக்காமல் மறைந்துபோன வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

“ஏரிக்குப் பின்னாடிதான் விழுந்துச்சு!”

இப்படி ஒரு தீப்பந்து நம் ஊர் வானத்தில் ஓடினால் மறுநாள் டீக்கடையில் என்ன பேச்சு நடக்கும்? “நம்ம ஏரிக்குப் பின்னாடிதான் விழுந்துச்சு, என் கண்ணால பாத்தேன்” என்பார் ஒரு தாத்தா. “இல்ல பெரியப்பா, தென்னந்தோப்புக்குள்ள போச்சு” என்பார் இன்னொருவர். நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரிலும் இதே பேச்சுதான் நடந்துகொண்டிருக்கும். அவர்களும் தங்கள் ஊர் ஏரியைத்தான் காட்டுவார்கள்!

யாரும் பொய் சொல்லவில்லை. இருட்டு வானத்தில் தூரத்தை அளக்க நம் கண்ணால் முடியாது, அவ்வளவுதான். பகலில் ஒரு பேருந்து வருகிறது என்றால் அது எவ்வளவு பெரியது என்று நமக்கு முன்பே தெரியும். சின்னதாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது என்று மூளை புரிந்துகொள்ளும். பக்கத்தில் மரம், வீடு, மின்கம்பம் எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும். இரவு வானத்தில் தனியாக ஓடும் ஒளிக்கு இந்த உதவி எதுவும் கிடையாது. அது சின்னதாகப் பக்கத்தில் இருக்கிறதா, பெரிதாகத் தொலைவில் இருக்கிறதா என்று ஒரு இடத்தில் நிற்கும் ஒரு ஆளால் சொல்லவே முடியாது.

அப்படியானால் வேறு வழி? இன்னொரு இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். வலது கண்ணை மூடி இடது கண்ணால் விரலைப் பாருங்கள். பிறகு இடது கண்ணை மூடி வலது கண்ணால் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரில் விரல் இடம் மாறியதுபோலத் தெரிகிறதா? இப்போது விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அதையே செய்யுங்கள். இன்னும் அதிகமாகத் தாவும். பக்கத்தில் இருக்கும் பொருள் நிறையத் தாவும். தொலைவில் இருப்பது கொஞ்சம்தான் தாவும். எவ்வளவு தாவுகிறது என்று அளந்தால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர்.

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறேழு சென்டிமீட்டர்தான் இடைவெளி. அது வானத்துக்குப் போதாது. இரண்டு ஊர்களில் இரண்டு பேர் நின்றால்? இடைவெளி பல கிலோமீட்டர் ஆகிவிடும்!

இரண்டு மாணவர்கள் போட்ட கணக்கு

1798ஆம் ஆண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பிராண்டஸ், பென்சென்பெர்க் என்று இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். இரண்டு பேருமே 1777இல் பிறந்தவர்கள். எரிநட்சத்திரங்கள் எவ்வளவு உயரத்தில் எரிகின்றன என்று அளந்து பார்க்க அவர்கள் ஆசைப்பட்டார்கள்.

அந்தக் காலத்தில் எரிநட்சத்திரம் என்பது மின்னலைப்போலக் காற்றிலேயே உண்டாகும் ஒரு வெளிச்சம் என்றுதான் படித்தவர்களே நினைத்தார்கள். வானத்திலிருந்து கல் விழுந்தது என்று விவசாயிகள் சொன்னால் அதை நம்ப யாரும் தயாராக இல்லை. 1794இல் கிளாட்னி என்ற ஜெர்மன் அறிஞர், “தீப்பந்துகள் விண்வெளியிலிருந்து வருபவை, அவைதான் கல்லாகவும் இரும்பாகவும் விழுகின்றன” என்ற கருத்தை ஒரு புத்தகத்தில் எழுதினார். பலர் அதை ஏற்கவில்லை.

நம் மாணவர்கள் இருவரும் பல கிலோமீட்டர் இடைவெளியில் ஆளுக்கு ஒரு இடமாகப் பிரிந்து, இரவு இரவாக வானத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொரு எரிநட்சத்திரத்துக்கும் நேரம், எந்த நட்சத்திரங்களுக்கு நடுவே ஓடியது என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மொத்தம் 402 எரிநட்சத்திரங்கள். அவற்றில் இரண்டு பேருமே பார்த்தவை வெறும் 22. அந்த 22 போதுமாக இருந்தது. அவை சராசரியாகச் சுமார் 90 கி.மீ. உயரத்தில் எரிகின்றன என்று தெரிந்துவிட்டது! மேகங்கள் இருக்கும் உயரமெல்லாம் அதற்குப் பக்கத்திலேயே வராது. எரிநட்சத்திரங்களின் வேகமும் அந்தக் கணக்கில் தெரிந்தது. காற்றில் உண்டாகும் மின்னல் வேலை இதுவல்ல என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

தொலைநோக்கி இல்லை, கேமரா இல்லை. இரண்டு ஜோடிக் கண்கள், இரண்டு நோட்டுப் புத்தகம், நிறையப் பொறுமை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு மாணவர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

பதினாறு பதிவுகள் சொன்ன கதை

இப்போது பீக்ஸ்கில்லுக்குத் திரும்புவோம். அந்த இரவில் வெவ்வேறு ஊர்களிலிருந்து குறைந்தது 16 வீடியோ பதிவுகள் கிடைத்தன. ஒவ்வொரு பதிவும் ஒவ்வொரு இடத்திலிருந்து எடுத்தது. அதாவது, பிராண்டஸும் பென்சென்பெர்க்கும் இரண்டு பேராகச் செய்ததை இங்கே பதினாறு கேமராக்கள் செய்திருந்தன.

விளையாட்டு மைதானத்துப் பதிவில் நட்சத்திரங்கள் தெரியாது. விளக்கு வெளிச்சம் அவற்றை மறைத்துவிடும். அதனால் என்ன? விளக்குக் கம்பம் இருக்குமே, கட்டடத்தின் கூரை இருக்குமே! படம் எடுத்தவர் நின்ற அதே இடத்துக்குப் போய் நின்று, கம்பத்தின் உச்சி எந்தத் திசையில் எவ்வளவு கோணத்தில் இருக்கிறது என்று அளந்தால், தீப்பந்து அந்தக் கம்பத்தைக் கடந்தபோது எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். இப்படி எத்தனை ஊரிலிருந்து கோடு கிடைக்கிறதோ அத்தனையையும் வரைந்து, அவை எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டியதுதான்.

கணக்கு என்ன சொன்னது தெரியுமா? அந்தத் தீப்பந்து 700 கி.மீ.க்கு மேல் ஓடியிருக்கிறது. காற்று மண்டலத்துக்குள் நுழைந்தபோது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 15 கி.மீ. செங்குத்தாக விழாமல், பூமியை உரசுவதுபோல மிகச் சாய்வாக வந்ததால்தான் அவ்வளவு நேரம் தெரிந்தது. சாதாரண எரிநட்சத்திரம் பெரும்பாலும் ஒரு விநாடிகூட நிற்காதே!

வந்த திசையும் வேகமும் தெரிந்தால், பின்னோக்கிக் கணக்கிட்டு அது முன்பு சூரியனைச் சுற்றிய பாதையையும் கண்டுபிடிக்கலாம். அந்தக் கல் 1.8 ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றிவந்திருக்கிறது. பூமியின் பாதைக்குச் சற்று உள்ளே ஒரு முனை. செவ்வாயையும் தாண்டிச் சிறுகோள்கள் சுற்றும் பகுதியின் ஓரத்தில் மறுமுனை. கையில் கிடைத்த ஒரு விண்கல்லின் பாதையை இப்படித் துல்லியமாகத் தெரிந்துகொண்டது அப்போது உலகிலேயே நான்காவது முறை. 1959இல் செக்கோஸ்லோவாக்கியாவிலும், 1970இல் அமெரிக்காவிலும், 1977இல் கனடாவிலும் விழுந்த கற்கள் அதற்கு முந்தியவை. அந்த மூன்றுக்கும் உதவியவை வானத்தைப் படம் பிடிக்கவே வைத்திருந்த கேமராக்கள். பீக்ஸ்கில் கல்லுக்கு உதவியவர்கள் ஆட்டம் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள்!

கல் ஏன் எரிகிறது?

“காற்றில் உரசுவதால்” என்று பலரும் சொல்வார்கள். அது முழுப் பதில் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். விநாடிக்கு 15 கி.மீ. வேகத்தில் வரும் கல்லுக்கு முன்னால் இருக்கும் காற்று ஒதுங்க நேரமில்லாமல் அழுந்துகிறது. பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகி ஒளிர்கிறது. கல்லின் மேற்பரப்பும் உருகி ஆவியாகிறது. அந்த ஆவியில் எந்தத் தனிமம் இருக்கிறதோ அதன் நிறம் ஒளியில் சேரும். மக்னீசியமும் நிக்கலும் பச்சை தரும். சோடியம் மஞ்சள் தரும்.

காற்று தடுத்துத் தடுத்துக் கல்லின் வேகம் குறைந்துவிட்டால் ஒளியும் அணைந்துவிடும். தரைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்திலேயே இது நடந்துவிடும். அதற்குப் பிறகு கல் இருட்டிலேயே விழும். பீக்ஸ்கில் காரின்மேல் விழுந்தபோதும் கல் எரிந்துகொண்டிருக்கவில்லை. தீப்பந்து தரைவரை எரிந்துகொண்டே வந்ததாக யாராவது சொன்னால், அவர் பார்த்தது பெரும்பாலும் அடிவானத்துக்குக் கீழே மறைந்துபோன தொலைதூர வெளிச்சமாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான பாதுகாப்புச் செய்தியும் இருக்கிறது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செலியாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே, ஏறக்குறைய 20 மீட்டர் அகலமுள்ள பாறை ஒன்று சுமார் 30 கி.மீ. உயரத்தில் வெடித்துச் சிதறியது. கண் கூசும் வெளிச்சம் வந்ததும் பலர் ஜன்னலுக்கு ஓடி வேடிக்கை பார்த்தார்கள். ஒலி மெதுவாகத்தானே வரும்? ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அதிர்ச்சி அலை வந்து சேர்ந்தது, கண்ணாடிகள் நொறுங்கின. சுமார் 1500 பேர் சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு பள்ளியில் மட்டும், வெளிச்சத்தைப் பார்த்ததும் ஆசிரியை ஒருவர் தன் வகுப்பில் இருந்த 44 பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் பதுங்கச் சொன்னார். கண்ணாடி உடைந்து அவருக்குக் காயம்பட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் தப்பினார்கள். ஆகவே வானம் பளீரென்று மின்னினால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள், விலகி நில்லுங்கள்.

நீங்கள் பார்த்த ஒளி எது?

பெரிய தீப்பந்து அபூர்வம். ஆனால் “அது என்ன?” என்று கேட்க வைக்கும் ஒளிகள் வானத்தில் நிறைய உண்டு. எவ்வளவு நேரம் தெரிந்தது என்ற ஒரு கேள்வியே பாதி விடையைச் சொல்லிவிடும்.

கண் சிமிட்டும் நேரமோ சில விநாடியோ என்றால், எரிநட்சத்திரம்.

சீரான வேகத்தில், சிமிட்டாமல், சில நிமிடம் நகர்ந்தால் செயற்கைக்கோள். சர்வதேச விண்வெளி நிலையம் அப்படித்தான் தெரியும். அது சுமார் 400 கி.மீ. உயரத்தில் மணிக்கு 28,000 கி.மீ. வேகத்தில் போகிறது. அதன் விளக்கு நமக்குத் தெரிவதில்லை. அதன்மேல் படும் சூரிய ஒளிதான் தெரிகிறது. அதனால்தான் பூமியின் நிழலுக்குள் போனதும் நடுவானிலேயே மறைந்துவிடுகிறது.

முத்துச்சரம்போல வரிசையாகப் பல புள்ளிகள் போனால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 முதல் அவற்றைக் கொத்துக் கொத்தாக ஏவுகிறார்கள். ஏவிய சில நாள் வரை ஒன்றன்பின் ஒன்றாகவே போகும்.

சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டினால் விமானம்.

சூரியன் மறைந்த பிறகு மேற்கிலோ, விடிவதற்கு முன் கிழக்கிலோ, ஒரே இடத்தில் நின்று தகதகவென்று ஒளிர்ந்தால் அது வெள்ளிக் கோள். நள்ளிரவில் நம் ஊர் வானத்தில் வெள்ளியைப் பார்க்கவே முடியாது. ஆகவே நேரம் குறித்து வைத்திருந்தாலே வெள்ளியா இல்லையா என்று பிரித்துவிடலாம்.

ஒளி பனிமூட்டம்போல விரிந்தாலோ, சுருள் சுருளாகச் சுற்றினாலோ ராக்கெட்டையோ ஏவுகணையையோ சந்தேகப்படலாம். 2009 டிசம்பர் 9 அன்று நார்வேயின் வடக்கில் பிரமாண்டமான ஒரு சுருளைப் பார்த்து மக்கள் திகைத்தார்கள். ரஷ்யாவின் புலவா ஏவுகணை சோதனையில் பழுதாகிச் சுழன்றது அது. 2022 டிசம்பர் 15 அன்று மாலை மேற்கு வங்கத்திலும் பக்கத்து மாநிலங்களிலும் பலர் ஒரு விசித்திர ஒளியைப் பார்த்தார்கள். அதே மாலையில் ஒடிசா கடற்கரைக்கு அருகிலிருந்து அக்னி-5 ஏவுகணையைச் சோதித்திருந்தார்கள். தரையில் இருட்டிவிட்டாலும் மிக உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும். ராக்கெட்டின் புகை அந்த வெயிலில் பளபளக்கும்.

இன்னொரு வேடிக்கை: அசையாத நட்சத்திரத்தையே இருட்டில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஆடுவதுபோலத் தெரியும். கண் செய்யும் வேலை அது. சந்தேகம் வந்தால் கூரை விளிம்பையோ மரக்கிளையையோ அடையாளமாக வைத்துப் பாருங்கள்.

இவ்வளவு கழித்தபின்னும் மிச்சம் நிற்கும் ஒளிகளும் உண்டு. நார்வேயில் ஹெஸ்டாலன் என்றொரு பள்ளத்தாக்கு. 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே வெள்ளையும் மஞ்சளுமாக ஒளிகள் மிதப்பதை மக்கள் பார்த்துவருகிறார்கள். விஞ்ஞானிகள் ரேடாரோடும் கேமராவோடும் போனார்கள். 1998இல் தானியங்கிக் கண்காணிப்பு நிலையம் ஒன்றை அமைத்தார்கள். சில ஒளிகள் கார் விளக்கு என்று தெரிந்தது. மற்றவற்றுக்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டாலும் எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் கிடைக்கவில்லை. அதற்காகப் பேய் என்றோ வேற்றுக்கிரக வாசி என்றோ முடித்துவிட வேண்டுமா? “இன்னும் தெரியாது, தேடுகிறோம்” என்று சொல்வதற்கும் துணிச்சல் வேண்டும். அறிவியலுக்கு அந்தத் துணிச்சல் உண்டு.

குறித்து வையுங்கள்

அடுத்த முறை விசித்திரமான ஒளி தெரிந்தால் இந்த ஐந்தையும் உடனே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால், மற்றவர்கள் பேசுவதெல்லாம் உங்கள் நினைவில் கலந்துவிடும்.

1. மணி என்ன? எத்தனை விநாடி தெரிந்தது?
2. நீங்கள் நின்ற இடம் எது?
3. எந்தத் திசையில் தொடங்கி எந்தத் திசையில் முடிந்தது?
4. அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம்? கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. முஷ்டிமேல் முஷ்டியாக அடுக்கிக்கொண்டே போனால் தலைக்கு நேர் மேலே வர ஒன்பது முஷ்டி ஆகும்.
5. நிறம் என்ன? உடைந்ததா? சத்தம் வந்ததா? வந்தால் எவ்வளவு நேரம் கழித்து?

“இத்தனை அடி பெரிசு”, “இத்தனை மைல் தூரம்” என்று மட்டும் எழுதாதீர்கள். அது யாருக்கும் கண்ணால் தெரியாது என்று பார்த்தோம் அல்லவா? தீப்பந்தைப் பார்த்தால் அந்தக் குறிப்பைச் சர்வதேச எரிநட்சத்திர அமைப்புக்கு அனுப்பலாம். உலகில் எந்த ஊரில் இருப்பவரும் அனுப்பலாம்.

நீங்களும் அளக்கலாம்

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிநட்சத்திர மழை உச்சத்தில் இருக்கும். நீங்கள் மதுரையில் இருக்கிறீர்கள், அத்தை மகன் திண்டுக்கல்லில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 50 கி.மீ. இருவரும் பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் படுத்துப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை கைபேசித் திரையைப் பார்க்கக்கூடாது. கடிகாரத்தை முன்பே ஒன்றாகச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஓர் எரிநட்சத்திரம் உங்களுக்குத் தலைக்கு நேர் மேலே தெரிந்தது. அதே விநாடியில் அவனுக்குத் தெற்குப் பக்கம் 61 டிகிரி உயரத்தில் தெரிந்தது. இப்போது வரைபடத் தாளில் 5 செ.மீ. கோடு போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் என்பது 10 கி.மீ. மதுரை முனையிலிருந்து நேராக மேலே ஒரு கோடு. திண்டுக்கல் முனையில் கோணமானியை வைத்து 61 டிகிரியில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியின் உயரத்தை அளந்தால் 9 செ.மீ. அதாவது 90 கி.மீ.!

உங்கள் முஷ்டி அளவில் பிழை இருக்கும். விடை 70 என்றும் வரலாம், 120 என்றும் வரலாம். பரவாயில்லை. இரண்டு பேரும் ஒரே எரிநட்சத்திரத்தைப் பார்ப்பதும் அடிக்கடி நடக்காது. பிராண்டஸுக்கும் பென்சென்பெர்க்குக்குமே 402இல் 22தானே கிடைத்தது? இந்த டிசம்பருக்கு இப்போதே ஆள் சேருங்கள். வேறு ஊரில் இருக்கும் ஒருவரும், ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் போதும்.